இராயப்பரின் கழுத்துப்பட்டை

தரமணி
10.11.2024, ஞாயிறு

அன்புள்ள அல்போன்சா,

மரியே வாழ்க.

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நலமாக இல்லை என்று எழுதினால் நடிக்கிறேன் என்பாய். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். சிநேகிதன் ஜாக்சன் தன் அறையில் எனக்குக் கொடுத்திருக்கும் மெத்தைதான் கொஞ்சம் மேடு பள்ளம்.

ஃபாதர் பவுல்சாமி சொன்னபடி எழுத உட்கார்ந்துவிட்டேன். ஈஸ்டர் வரைக்கும் தனித்தனியாக இருங்கள், போனில் பேச வேண்டாம், பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதுங்கள் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "போன்ல நீ கத்துவ. அந்தப் பொண்ணு வாயே தொறக்காது. எழுதினா ரெண்டு பேரும் சமம்" என்றார். இருபது வருஷமாக மைதானத்தில் கத்திப் பிழைக்கும் பி.டி. மாஸ்டரிடம் பேனாவைக் கொடுத்தால் எப்படி? கையெழுத்து புரியாவிட்டால் லிசாவிடம் கேள். ஞாயிறு பூசை முடிந்து என்னோடு வருபவள் மாலையில் இந்தக் கவரைக் கொண்டுவருவாள். ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

இப்போது விஷயம். இன்று பெசன்ட் நகர் கடற்கரையில் மாங்காய் தின்றுகொண்டே உன் மகள் கேட்டாள்: "டாடி, நம்ம கோழிங்களுக்கு ஒரு சேவல் வேணும். குஞ்சு பொரிக்கணும். எந்த ஜாதி வாங்கலாம்?" நாலு பெட்டைகளை வாங்கிக் கொடுத்தவன் நான்தானே, சேவலையும் நானே பார்க்கிறேன்.

என்னைக் கேட்டால் அசீல். சேவல் என்றால் சேவல் மாதிரி இருக்க வேண்டாமா? நீளக் கால், நிமிர்ந்த கழுத்து, நடந்து வந்தால் தெரு ஒதுங்கும். கடக்நாத் என்று ஒன்று, கொண்டை முதல் நகம் வரை கறுப்பு. பார்க்க அழகு, ஆனால் ஆளைக் கண்டால் ஓடும். பிரம்மா என்று காலெல்லாம் ரோமத்தோடு ஒரு வெளிநாட்டு ஜாதி, நம்ம ஊர் மே மாதத்தில் அது ஏ.சி. கேட்கும். யோசித்துச் சொல். சொல்லாவிட்டால் நான் அசீல் என்று எடுத்துக்கொள்வேன்.

உன்
ஷெல்டன்


ராஜா அண்ணாமலைபுரம்
17.11.2024

லிசா அப்பாவுக்கு,

மரியே வாழ்க. கடிதம் கிடைத்தது. கையெழுத்து புரிந்தது.

அசீல் வேண்டாம். காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் படிக்கவும்.

நம் பின்கட்டு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். கொய்யா மரம், துணி துவைக்கும் கல், பழைய மேஜையில் கம்பி வலை அடித்த கூடு. இதற்குள் ரோஸி, டீச்சர், சுண்டல், இன்னும் பெயர் வைக்காத ஒன்று. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மாடியில் பத்ரிநாராயணன் சார் ஜன்னல். பைபாஸ் செய்துகொண்டு வந்தவர். இங்கே தெரு ஒதுங்கும்படி நடந்து காட்ட இடமும் இல்லை, தேவையும் இல்லை.

அதைவிடப் பெரிய காரணம் லிசா. ஜூலை இருபத்தெட்டாம் தேதி என்ன நடந்தது என்று நீங்களும் நானும் ஃபாதர் முன்னால் பேசிவிட்டோம். நான் பாடற்குழு ஒத்திகையிலிருந்து வர ஒரு மணி நேரம் தாமதம். நீங்கள் நாற்பது நிமிடம் கத்தினீர்கள். இரண்டு தட்டு உடைந்தது. அதற்கப்புறம் லிசாவைத் தேடினோம். நீங்கள் தெருவில் தேடினீர்கள், நான் பின்கட்டில் தேடினேன். கோழிக்கூட்டுக்குள் நாலு கோழிகளுக்கு நடுவில் குறுகி உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். வெளியே வர மாட்டேன் என்றாள். நானும் தலையை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மறைக்கல்வி டீச்சர் மேஜையைத் தட்டியதற்கே பெஞ்சுக்கு அடியில் போனாளே, அது பிறகு வந்தது.

இன்னும் யாராவது குரலை உயர்த்தினால் கை காதுக்குப் போகிறது. மிக்ஸியைப் போடும்முன் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

ஆகவே சிறியதாக, சாதுவாக ஒன்று. சிறுவிடை என்று நம் நாட்டு ஜாதியே இருக்கிறதாம். உருவம் சின்னது, செலவு வைக்காது, ஆள்களோடு ஒட்டும். கூவாத சேவல் இல்லை என்று தெரியும். கூவினாலும் சின்னத் தொண்டையாக இருக்கட்டும்.

லிசாவின் அம்மா


தரமணி
1.12.2024

அன்புள்ள அல்போ,

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. உன் கடிதத்தைப் பத்து முறை படித்தேன். கோபப்படவில்லை. படித்துவிட்டு எழுந்து தரமணி ரயில் நிலையம் வரை நடந்தேன், திரும்பி நடந்தேன். பறக்கும் ரயில் இரண்டு போயிற்று.

அந்த நாளை நீ தேதியோடு எழுதியிருக்கிறாய். நான் தேதியை மறந்திருந்தேன். என்னை நியாயப்படுத்த எழுதவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். என் அப்பா கத்தினார், அவருடைய அப்பா பெல்ட்டை எடுத்தார். நான் ஒரு நாளும் உன்மேலோ பிள்ளைமேலோ கை வைத்ததில்லை. கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்று சும்மாவா சொன்னார்கள்?

சரி. எழுதிவிட்டு எனக்கே சரியாகப் படவில்லை. அந்த வரியைக் கோடு போட்டு அடித்தால் தாள் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிடுகிறேன்.

ஒரு மாதமாகப் பள்ளிக்கூடத்தில் விசில் மட்டும்தான் ஊதுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள், சாருக்குத் தொண்டை போய்விட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். போகட்டும்.

சிறுவிடைதானே, சிறுவிடையே ஆகட்டும். தணிகாசலம் என்று ஒரு கோழி வியாபாரி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வருவான். கிறிஸ்துமஸுக்குள் கொண்டுவந்துவிடுகிறேன். கூட்டுக்கு இன்னொரு தட்டு அடிக்க வேண்டும், சேவல் உயரத்தில்தான் உட்காரும். வாசலில் பலகையை வைத்துவிட்டுப் போகிறேன், உள்ளே வர மாட்டேன்.

உன்
ஷெல்டன்


ராஜா அண்ணாமலைபுரம்
29.12.2024

லிசா அப்பாவுக்கு,

கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள். கேக் நன்றாக இருந்தது. பலகையும் வந்தது, சேவலும் வந்தது.

முதலில் பழமொழிக்குப் பதில். அது கோழியைப் பற்றிச் சொன்னது. குஞ்சை யாரும் கேட்டு எழுதவில்லை.

இனி சேவல். லிசா அதற்கு இராயப்பர் என்று பெயர் வைத்துவிட்டாள். ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, சேவல் கூவியதும் அழுதவர் அவர்தானே என்று காரணம் சொல்கிறாள். புனிதரின் பெயரைக் கோழிக்கு வைக்கலாமா என்று கேட்டேன். "அவரு கோச்சுக்க மாட்டாரும்மா, அவரே சாதாரண மீன் புடிக்கறவருதானே" என்றாள். ஃபாதரிடம் சொன்னேன், வயிறு குலுங்கச் சிரித்தார்.

தீவனக் கடை அப்துல் கரீம் பாய் நேற்று மூட்டையை இறக்கிவிட்டுப் பின்கட்டுக்கு வந்து பார்த்தார். "சிறுவிடைன்னு எவன் சொன்னான்? கால பாரும்மா, கொண்டைய பாரு. அசீல் ரத்தம் கீது" என்றார். இப்போதே என் முழங்கால் உயரம். நீங்கள் ஏமாந்தீர்களா, என்னை ஏமாற்றினீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அது லிசாவின் பின்னாலேயே சுற்றுகிறது. அவள் வீட்டுப்பாடம் எழுதினால் துவைக்கும் கல்மேல் ஏறி நின்று நோட்டைப் பார்க்கிறது. தீனி போட்டால் பெட்டைகளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அவை தின்ற பிறகுதான் தானும் தின்கிறது. கடந்த வாரம் முதல் கூவ ஆரம்பித்திருக்கிறது. தொண்டை சின்னது இல்லை. முதல் நாள் நான் ஓடிப்போய் லிசாவின் காதைப் பொத்தினேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள். "அது யாரையும் திட்டலம்மா. விடிஞ்சிடுச்சின்னுதான் சொல்லுது" என்றாள்.

பிரச்சினை மதிலுக்கு அந்தப் பக்கம். பத்ரிநாராயணன் சார் கீழே வந்து, "காலங்கார்த்தால நாலேகாலுக்கு எழுப்பிடறதும்மா. அதுக்கப்புறம் ஆத்துல யாருக்கும் தூக்கம் இல்லை. டாக்டர் என்னைத் தூங்கச் சொல்லிண்டு இருக்கார்" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். நான் ஒன்றும் பதில் சொல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். என்ன செய்யலாம் என்று தெரியவில்லை.

லிசாவின் அம்மா


தரமணி
5.1.2025

அன்புள்ள அல்போ,

புத்தாண்டு வாழ்த்துகள். ஒப்புக்கொள்கிறேன். தணிகாசலம் என்னை ஏமாற்றவில்லை. சிறுவிடை இளஞ்சேவல்களையும் காட்டினான். அவற்றுக்குப் பக்கத்துக் கூடையில் இது நின்று என்னைப் பார்த்தது. "இது கிராஸ் சார், பெருசா வரும்" என்று அவன் சொல்லத்தான் செய்தான். வீட்டில் சிறுவிடை என்று சொல்லிக்கொள்ளலாம், வளர்ந்த பிறகு யார் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். தப்புதான். நேரில் இருந்திருந்தால் இதை ஒப்புக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம். தாளில் சுலபமாக இருக்கிறது.

ஆனாலும் பார், பிள்ளைக்குப் பிடித்துவிட்டது! நான் எடுத்தது சோடை போகவில்லை.

கூவுவதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். வெளிநாட்டில் ஊருக்குள் சேவல் வளர்ப்பவர்கள் கழுத்தில் ஒரு பட்டை கட்டுகிறார்களாம். கூவுவதற்கு அது காற்றை இழுத்துக் கழுத்தை உப்ப வேண்டும். பட்டை இருந்தால் உப்ப முடியாது, சத்தம் பாதிகூட வராது. மூச்சுக்கும் தீனிக்கும் தடை இல்லை. இத்துடன் ஒன்று அனுப்பியிருக்கிறேன், ஒட்டிப் பிரிக்கிற மாதிரி கறுப்புத் துணிப்பட்டை. இறகுக்கு அடியில், உன் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் கட்டு. முதல் நாள் பின்னோக்கி நடக்கும், தலையை உதறும். பழகிவிடும்.

இன்னொன்று. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று நம் முடிவைத் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஃபாதர் நினைவுபடுத்தினார். என் முடிவு உனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வர வேண்டும். உன் முடிவுதான் பாக்கி. அவசரப்படுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் லிசா கவரை நீட்டும்போது என் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் அந்தச் சேவல் சத்தத்தைவிடப் பெரிது.

உன்
ஷெல்டன்


ராஜா அண்ணாமலைபுரம்
2.2.2025

அன்புள்ள லிசா அப்பாவுக்கு,

மரியே வாழ்க. நீங்கள் சொன்னபடியே பட்டை கட்டியாகிவிட்டது. கரீம் பாய் பிடித்துக்கொண்டார், நான் கட்டினேன். லிசா உள்ளே போய்விட்டாள்.

பலன் தெரிகிறது. மூன்று வாரமாக நாலேகாலுக்குச் சத்தம் இல்லை. கொஞ்சம் கரகரவென்று வருகிறது, அவ்வளவுதான். பத்ரிநாராயணன் சார் தை வெள்ளிக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார்.

இராயப்பரைப் பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கிறது. காலையில் துவைக்கும் கல்மேல் ஏறுவார். கழுத்தை நீட்டுவார், கண்ணை மூடுவார், வாயைத் திறப்பார். ஒன்றும் வராது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். நான் அந்த நேரத்தில் அடுப்படி ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

உங்களைப் பற்றி லிசா நிறையச் சொல்கிறாள். போன ஞாயிறு ஆட்டோக்காரர் சண்டைக்கு வந்தபோது டாடி கத்தவே இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சேவல் விஷயத்தில் செய்த தப்பையும் எழுத்தில் ஒப்புக்கொண்டீர்கள். பதினோரு வருஷத்தில் நீங்கள் "தப்புதான்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கடிதத்தை ஜெபப்புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

ஆழ்வார்பேட்டையில் என் லேபில் ஷண்முகப்ரியா கேட்கிறாள், "என்னக்கா, ரத்தம் எடுக்கறப்பகூட சிரிக்கறீங்க?" என்று. ஈஸ்டரைப் பற்றி யோசிக்கிறேன். வேண்டாம் என்று யோசிக்கவில்லை என்பதை மட்டும் இப்போது சொல்கிறேன். இங்கே கொய்யா காய்த்திருக்கிறது, ஐந்தாறு லிசாவிடம் கொடுத்திருக்கிறேன்.

அல்போன்சா


தரமணி
23.2.2025

என் அல்போவுக்கு,

நீ பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். ஜாக்சனிடம் காட்டினேன். "இதுக்குப் போயி ஏன்டா மச்சி அழுவுற?" என்கிறான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

கொய்யா முழுவதையும் நானே தின்றேன்.

ஈஸ்டருக்கு வந்ததும் செய்ய வேண்டியதை யோசித்து வைத்திருக்கிறேன். கூட்டுக்குத் தகரக் கூரை. கோபம் வந்தால் நான் வெளியே போய்விடுவேன், கடற்கரை வரை நடந்துவிட்டு வருவேன், இது ஜெபமாலைமேல் சத்தியம். உன் பங்குக்கு நீயும் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் போதும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரம் வீடு அமைதியாக இருந்தால் எனக்குக் கோபமே வராது. பாடற்குழுவை நீயாகவே விட்டுவிட்டாய், நல்லதாயிற்று. அதை மறுபடி தொடங்காதே. பிரச்சினை ஆரம்பித்ததே அங்கிருந்துதான். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அடங்கிப் போனால் அதுதானே குடும்பம்?

இராயப்பர் இன்னும் கரகரவென்று சத்தம் போடுவதாக எழுதியிருந்தாய். பட்டை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு விரல் அளவு இறுக்கிவிடு. வாயைத் திறந்து பார்த்து ஏமாந்தால் நாளடைவில் முயற்சியையே விட்டுவிடும். பழக்கம்தான் எல்லாம்.

ஈஸ்டருக்கு இன்னும் எட்டு ஞாயிறு. எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன்
ஷெல்டன்


தரமணி
30.3.2025

அல்போ,

ஐந்து ஞாயிறாக லிசா வெறுங்கையோடு வருகிறாள். பதில் வராமல் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. உடம்புக்கு ஏதாவதா? லிசாவிடம் கேட்டால், "அம்மாவையே கேளுங்க டாடி" என்கிறாள். இராயப்பர் எப்படி இருக்கிறார் என்றால், "நல்லா இருக்காரு" என்பதோடு சரி. நான் எழுதியதில் என்ன தப்பு? அன்பாகத்தானே எழுதினேன்? எழுதியதைத் திரும்பப் படிக்கவும் என்னிடம் பிரதி இல்லை.

நேற்று பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு. பையன் அழுதான். மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வரி எழுது.

ஷெல்டன்


ராஜா அண்ணாமலைபுரம்
11.4.2025, வெள்ளி

அன்புள்ள ஷெல்டன்,

உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. தாளில் சுலபமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னது உண்மை.

உங்களைக் காக்கவைத்ததற்கு மன்னிக்கவும். நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பிப்ரவரிக் கடிதம் ஞாயிறு மாலை வந்தது. திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்ததும், கைப்பையைக்கூட வைக்காமல் பின்கட்டுக்குப் போய், இராயப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு பட்டையை இறுக்கினேன். சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்க்கவில்லை. நீங்கள் ஒரு விரல் என்று எழுதியிருந்தீர்கள், நான் ஒரு விரல் இறுக்கினேன். பத்ரிநாராயணன் சார் குறை சொல்லவில்லை. அந்தக் கரகரப்பு யாருக்கும் தொந்தரவாக இல்லை. அப்படியிருக்க எதற்கு இறுக்கினேன்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியத்தான் எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

அடுத்த வாரம், சாம்பல் புதன் அன்று காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு நானும் லிசாவும் வந்தோம். இராயப்பர் துவைக்கும் கல்லுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். வளர்கிற சேவல், கழுத்து பருத்திருக்கிறது, பட்டை பருக்கவில்லை. கொண்டை கறுத்துவிட்டது. வாய் திறந்து திறந்து மூடியது. இறகை விலக்கித் தேடினேன். பட்டை இறகுக்குள் புதைந்திருந்தது, ஒட்டிய இடம் அகப்படவில்லை. லிசாதான் உள்ளே ஓடி, பள்ளிப் பையிலிருந்து கிராஃப்ட் கத்தரியை எடுத்துவந்து, அதன் நுனியை அடியில் விட்டு வெட்டினாள். இரண்டு இறகும் சேர்ந்து வந்தது. மடியில் போட்டுத் தண்ணீர் தொட்டு வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தலையைத் தூக்கியது.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. சேவலைத் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "டாடி கத்தறப்ப நீயும் இப்படித்தாம்மா பண்ணுவ. வாயத் தொறப்ப, ஒண்ணும் வராது. நான் கூட்டுக்குள்ளேருந்து ஜன்னல் வழியா பாத்தேன்."

ஷெல்டன், ஜூலை முதல் நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? என் மகள் உங்கள் சத்தத்துக்குப் பயந்து கூட்டுக்குள் போனாள் என்று. அவள் காதைப் பொத்திக்கொண்டாள், கண்ணைப் பொத்திக்கொள்ளவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நீங்கள் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். மாறியிருக்கிறீர்கள். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டது பெரிய விஷயம். உங்களுக்கு முன்னால் உங்கள் வீட்டில் யாரும் செய்யாததைச் செய்திருக்கிறீர்கள். இது மனதார எழுதுவது. நான்தான் மாறவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் ஓர் உயிரின் கழுத்தை இறுக்கியது. நீங்கள் கத்தவில்லை. அன்பாகத்தான் எழுதினீர்கள். அதற்கே இப்படி. நீங்கள் இந்த வீட்டில் இருந்தால் இந்தக் கை இன்னும் எதையெல்லாம் இறுக்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என் கழுத்தை ஏற்கெனவே இறுக்கிக்கொண்டுவிட்டது. அடுத்தது லிசாவின் கழுத்துதான்.

பட்டையை வெட்டிய மறுநாள் நாலேகாலுக்கு இராயப்பர் கூவினார். அன்று மாலை நான் முதல் முறையாகப் பத்ரிநாராயணன் சார் வீட்டு மாடி ஏறினேன். கதவைத் தட்டும்முன் சொல்ல வேண்டியதை ஏழெட்டுத் தடவை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டேன். உள்ளே உட்கார்ந்து, "சார், சேவலைக் கொடுக்க முடியாது. உங்கள் தூக்கமும் கெடக்கூடாது. என்ன செய்யலாம் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவ்வளவுதான். காப்பி கொடுத்தார்கள். "நான் ஆறு மணிக்கு வாக்கிங் கிளம்பிடுவேன். அதுக்கப்புறம் உங்க இராயப்பர் கச்சேரியே பண்ணட்டும்" என்றார். இருட்டாக இருந்தால் சேவல் கூவாது என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். இப்போது இரவில் சாமான் அறையில், மேலே கறுப்புச் சாக்கு போட்ட பெட்டிக்குள் படுக்கவைக்கிறோம். ஆறு மணிக்கு லிசா திறந்துவிடுகிறாள். டிசம்பரிலேயே நான் வாயைத் திறந்து பேசியிருந்தால் பட்டையே வந்திருக்காது. அதற்குப் பதிலாக உங்களுக்கு எழுதினேன், நீங்கள் கட்டு என்றீர்கள், கட்டினேன்.

பாடற்குழுவுக்குத் திரும்பப் போகிறேன். லிசாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். முதல் வாரம் குரல் எழும்பவே இல்லை. குழுவை நடத்தும் ரெனிட்டா மிஸ் விடவில்லை. ஈஸ்டர் திருவிழிப்பு அன்று எனக்குத் தனிப்பாடல் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

நாளை மறுநாள் குருத்து ஞாயிறு. ஃபாதரிடம் என் முடிவைச் சொல்லிவிடுவேன். அவர் வாயால் நீங்கள் கேட்கக்கூடாது என்பதற்காக இதை இன்றே விரைவுத் தபாலில் போடுகிறேன். இந்தக் கவரை லிசாவிடம் கொடுக்க மனம் வரவில்லை. நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். ஈஸ்டருக்கும் வேண்டாம், அதற்கப்புறமும் வேண்டாம். எழுதும்போது அழுகிறேன், எழுத்து கலைந்திருந்தால் அதுதான் காரணம். உங்கள்மேல் இருந்த அன்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அந்தத் "தப்புதான்" கடிதம் இன்னும் ஜெபப்புத்தகத்தில்தான் இருக்கிறது, அதை எடுக்க மாட்டேன்.

லிசாவின் ஞாயிறுகள் எப்போதும்போல உங்களுடையவை. அவளுக்கு நீங்கள் வேண்டும். டீச்சர் கோழி ஏழு முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது, புனித வாரத்தில் பொரிக்கும். குஞ்சுகளைப் பார்க்கப் பின்வாசல் வழியாக வாருங்கள், வரும்முன் லிசாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் எடுத்த சேவல் சோடை போகவில்லை, அதிலும் சந்தேகமில்லை.

பட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன், இரண்டு துண்டாக. என்னிடம் இருக்க வேண்டாம்.

அல்போன்சா